புது வீட்டில் சோலார்: பூச்சு வேலைக்கு முன்பே முடிவு பண்ணுங்கள்
சேலத்தில் வீடு கட்டுகிற பலரும் பால் காய்ச்சிய பிறகுதான் சோலாரைப் பற்றி யோசிக்கிறார்கள், அதற்குள் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கும் மாடிப்படி ரூமும் தெற்குப் பக்கம் எழும்பி நின்றுவிடும். இவை இரண்டையும் முடிந்தவரை வடக்கே தள்ளச் சொல்லுங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் வடக்கே நீளும், அது ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி குறையலாம். வாஸ்துக்காரர் டேங்க் தென்மேற்கில்தான் என்று அடம்பிடித்தால், சரி, பேனலை நிழல் எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை சோலார் வயருக்கு இப்போதே தனி பைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் சோலார் மட்டும் போட்டால் கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பவர்கட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேனல், பேட்டரி, மின்வாரிய லைன் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபைக்குத் தனி வயரிங் இழுத்து அதை மட்டும் பேட்டரியில் விடுங்கள். ஏசி, கீசர், போர் மோட்டாரையும் சேர்த்தால் பேட்டரிச் செலவு எங்கேயோ போய்விடும்.

1 கிலோவாட் பேனலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கரண்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏற்காட்டில் மேகமும் பனிமூட்டமும் கவிழ்ந்த நாட்களில் அந்தக் கணக்கு எடுபடாது, அங்கே கட்டுகிறவர்கள் மின்வாரிய கரண்டிலும் பேட்டரியை சார்ஜ் செய்கிற இன்வெர்ட்டராக வாங்குங்கள்.