கோஸ்டா ரிகாவுக்குப் படிப்புப் பயணம் போகும்போது ஒரே ஒரு கேள்வி போதும்

மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் இரண்டு முறை மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா போயிருக்கிறேன். வணிகம், இயற்கை, நிலைத்த வளர்ச்சி மூன்றையும் ஒரே பயணத்தில் படிக்க வேண்டும் என்பதுதான் பாடத்திட்டம். முதல் முறை பன்னிரண்டு நாளில் ஒன்பது இடம் பார்த்தோம். ஊர் திரும்பியதும் மாணவர்கள் கொடுத்த அறிக்கைகளில் "பசுமையான நாடு, அன்பான மக்கள்" என்பதைத் தாண்டி அதிகம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியே அனுப்பவில்லை.

இரண்டாவது முறை ஒரே கேள்வியோடு போனோம்: இங்கே பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? நீங்களும் இதையே எடுத்துக்கொண்டு போகலாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் படித்துவிடுங்கள். 1996-ல் வந்த 7575-ம் எண் வனச் சட்டம். காடு நமக்கு நான்கு சேவைகள் செய்கிறது என்று அந்தச் சட்டம் ஏற்கிறது: கரியமில வாயுவைக் குறைப்பது, தண்ணீரைக் காப்பது, உயிரினங்களைக் காப்பது, கண்ணுக்கு அழகாக இருப்பது. சொந்த நிலத்தில் காட்டை வைத்திருப்பவருக்கு ஃபோனாஃபிஃபோ என்ற அரசு நிதியம் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. அதாவது, பெட்ரோல் போடுகிறவர் மரத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அதே சட்டம் காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடையும் செய்கிறது. அப்படியானால் காட்டைக் காப்பாற்றியது பணமா, தடையா? 1980-களில் மாட்டிறைச்சி விலை விழுந்து, காட்டை மேய்ச்சல் நிலமாக்குவதில் லாபம் குறைந்ததே, அதற்கும் பங்கு உண்டா? மாணவர்கள் விமானத்தில் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தால் பாதிப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. காபி அறுவடையையும் டோர்டுகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிடுவதையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. ஆமைகள் ஜூலை முதல் அக்டோபர் வரை. மலைப்பகுதிக் காபி டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். வணிகம் படிக்கிறவர்களுக்குக் காபிதான் சரி. ஜனவரியில் போங்கள்.

தலைநகர் சான் ஹோசேக்குத் தெற்கே சான்டா மரியா தே டோட்டா என்ற மலை ஊர் இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ஒரு காலைப் பொழுது பழம் பறிக்க விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாங்கள் கேட்டோம், விட்டார்கள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்க வேண்டும். சிவந்த பழத்தை மட்டும், காம்பு மரத்திலேயே நிற்கும்படி திருகி எடுக்க வேண்டும். அங்கே அளவு கஹுவேலா, இருபது லிட்டர் பிடிக்கும் பெட்டி. கூலி அதற்குத்தான். என் கூடை பாதி நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்து வரிசையில் இருந்த நோபே பழங்குடிப் பெண் என் கூடைக்குள் கைவிட்டு, பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அறுவடைக்காக அவர்கள் குடும்பத்தோடு பனாமாவிலிருந்து வருகிறார்கள். நிகரகுவாவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள்.

இருபது கஹுவேலா சேர்ந்தால் ஒரு ஃபனேகா. அதிலிருந்து சுமார் 46 கிலோ வறுக்காத காபிக்கொட்டை கிடைக்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, விவசாயியிடம் பழம் வாங்கிக் கொட்டையைப் பிரித்தெடுக்கும் ஆலைக்குப் போங்கள். 1961-ல் வந்த காபிச் சட்டம் ஆலை எடுக்கும் லாபத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. விவசாயிக்கு முதலில் முன்பணம் கிடைக்கும், காபி விற்ற பிறகு மீதி வரும். இவ்வளவு வெளிப்படையாகப் பணத்தின் பாதையைப் பார்க்கக் கிடைக்கும் இடம் அபூர்வம். தயங்காமல் கேளுங்கள், சொல்வார்கள்.

அப்புறம் மான்டெவெர்டே என்ற மலை ஊர். கட்டாய ராணுவச் சேவையை மறுத்த அமெரிக்கக் குவேக்கர் குடும்பங்கள் (போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர்) 1951-ல் இங்கே குடியேறின. கோஸ்டா ரிகா 1948-லேயே ராணுவத்தைக் கலைத்திருந்தது. அவர்கள் மாடு வளர்த்துச் சீஸ் செய்தார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று மலையுச்சிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். மேகம் தவழ்ந்து நனைத்துக்கொண்டே இருக்கும் இந்த மேகக்காட்டின் பாதுகாப்புக்கு அதுதான் விதை. காட்டை விட்டுவைத்தும் ஒரு உயிர் போய்விட்டது. இங்கே மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தக் காட்டுக்குள் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். மழையே இல்லாமல் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள், பேனா மை ஈரத்தில் பரவிவிடும்.

அழகான இடங்களோடு முடித்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். கரீபியன் பக்கம் அன்னாசித் தோட்டங்கள் இருக்கின்றன. சிக்கிர்ரேஸ் அருகே சில ஊர்களின் குடிநீரில் புரோமாசில் என்ற களைக்கொல்லி கலந்ததால், 2007 முதல் ஆண்டுக்கணக்கில் லாரியில் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. 2017-ல் அந்தக் களைக்கொல்லியைத் தடை செய்தார்கள். ஏற்றுமதி வருமானம் ஒருவருக்கு, லாரித் தண்ணீர் இன்னொருவருக்கு. நம் கேள்வி இங்கேதான் மிகவும் கனக்கிறது. அதே பக்கத்தில் குவாசிமோவில் எர்த் என்ற வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு தொழில் நடத்துவதும் படிப்பில் ஒரு பகுதி. உங்கள் மாணவர்களை அவர்களோடு ஒரு மதியம் பேச விடுங்கள், உரை எதுவும் வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: சுற்றுலா இடங்களில் டாலர் செல்லும், ஆனால் 'சோடா' என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு உள்ளூர் பணமான கொலோன் வைத்துக்கொள்ளுங்கள். முகவரி கேட்டால் "தேவாலயத்திலிருந்து தெற்கே 200 மீட்டர்" என்பார்கள், இரண்டு தெரு என்று அர்த்தம்.

கடைசி நாள் இரவு மேசையில் ஒரு காபிப் பொட்டலத்தை வையுங்கள். அதன் விலையில் பறித்தவர், விவசாயி, ஆலை, ஏற்றுமதியாளர், கடைக்காரர் யாருக்கு எவ்வளவு என்று மாணவர்கள் எழுதட்டும். தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும். எங்களுக்கு இரண்டு கட்டம் காலியாக நின்றது. மறுநாள் விமான நிலையத்தில் உட்கார்ந்து அந்த இரண்டையும் கேட்டு ஆலைக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது.