2020-ஐ வீட்டு நோட்டில் எழுதி வைப்பது எப்படி?

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், முற்றத்து நிலா வெளிச்சத்தில் ஆச்சி சோறு உருட்டிக் கொடுக்க, சென்னையிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று நான் மூன்று ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஒரு நாள் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அதிலிருந்த தேதி 2019 மே. 2020 ஏப்ரலில் பிள்ளைகள் ஒருவரும் பாளையங்கோட்டைக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. முந்தைய ஆண்டின் இனிமையை எடுத்து அடுத்த ஆண்டின் மேல் சாத்தி வைத்திருந்தேன். ஆகவே, அந்த ஆண்டை எழுதி வைக்க விரும்புகிறவர்கள் நினைவிலிருந்து தொடங்காமல், தேதி உள்ள பொருள்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரு நீள நோட்டில் மாதத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, ஊரறிந்த நாள்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு. 24 மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை. 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றியது. சார்வரி ஆண்டு பிறந்த ஏப்ரல் 14 அன்றே, மே 3 வரை நீட்டிப்பு என்ற அறிவிப்பு. ஆனால் நம் நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்தத் தேதிகளைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாதது, ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா நடக்காதது, ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடாதது ஆகியவற்றையும் அந்தந்த மாதத்தில் எழுதி வைத்தால், அவர்களுடைய பேச்சு தானாக அங்கே வந்து சேரும்.

அடுத்து, வீட்டுக்குள் தேட வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் வழியே வந்த படத்தின் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் ஆகியவை 20200414 என்பதுபோல எட்டு இலக்கமாக இருக்கும். அது படம் வந்து சேர்ந்த நாளே தவிர, எடுத்த நாள் அல்ல என்பதை மறக்க வேண்டாம். குடும்பக் குழுவின் உரையாடலை முழுவதும் எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். ரேஷன் கடையிலிருந்து வந்த குறுஞ்செய்திகள், பால் கணக்கு எழுதிய மாதக் காலண்டர், மளிகைக் கடை அண்ணாச்சியின் துண்டுச் சீட்டு எதையும் தள்ளிவிடாதீர்கள். மருந்துக் கடையிலும் மற்ற கடைகளிலும் தரும் வழவழப்பான ரசீதின் எழுத்து சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால் அதை உடனே நகலெடுக்க வேண்டும். லேமினேட் செய்யக் கொடுத்தால் சூடு பட்டுத் தாள் முழுவதும் கறுத்துவிடும். எனக்கு ஒன்று அப்படிப் போயிற்று.

இதன் பிறகுதான் ஆட்களிடம் பேச வேண்டும், அதுவும் தனித்தனியாக. எல்லோரையும் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) கூட்டி வைத்துக் கேட்டால், குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே வீட்டின் நினைவாகிவிடும். என் அத்தையிடம் "அந்த வருஷம் எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாரும் வீட்டோட இருந்தோம்லா" என்று முடித்துவிட்டார். காலண்டரைக் காட்டி, ஒரு லிட்டராக இருந்த பால் மார்ச் கடைசியில் இரண்டரை லிட்டர் ஆனது ஏன் என்று கேட்டபோது முக்கால் மணி நேரம் பேசினார். வீட்டில் ஒன்பது பேர், நாளுக்கு ஐந்து முறை காப்பி, மூன்று வேளைச் சமையல். "நீங்க எல்லாரும் தாயம் உருட்டுனீங்க. சொதி யாரு வச்சா, பாத்திரம் யாரு கழுவுனா?" என்று அவர் கேட்டது எங்கள் நோட்டில் அப்படியே இருக்கிறது, நான் எழுதி வைத்திருந்த தாயக்கட்டைப் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில். இரண்டையும் கலந்து ஒரு சமாதானப் பத்தியாக எழுத ஆசை வரும். எழுதாதீர்கள்.

இறந்தவர்களைப் பற்றி யாரையும் வற்புறுத்திக் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டில், தூரத்து இறப்பு ஒன்றை வீடியோ அழைப்பில் மட்டுமே பார்க்க நேர்ந்தது. அதற்கென ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்தேன். எட்டு மாதம் கழித்து, யாரும் கேட்காமலேயே, என் தம்பி அதில் ஏழு வரி எழுதியிருந்தான்.

எழுதி முடித்ததும் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கேனும் அனுப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணி பெருகியபோது, ஆற்றோரத்தில் இருக்கும் என் சித்தி வீட்டின் கீழ்த்தட்டு அலமாரியில்தான் அந்த நோட்டு இருந்தது. மார்ச் முதல் ஜூன் வரையுள்ள பக்கங்களில் மை கரைந்துவிட்டது. பென்சிலால் எழுதிய பால் கணக்கு மட்டும் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.