மடிப்பில் கிழிந்த பாரிஸ் பாட்டுத் தாளைச் சீராக்கிய அனுபவம்

பாடகர் அரிஸ்தீத் புருவான் 1885இல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 'ல மிர்லித்தோன்' எனும் கபரேயை, அதாவது பாட்டுக் கேட்டபடி மது அருந்தும் விடுதியைத் தொடங்கிய காலத்தை ஒட்டிய பாட்டுத் தாள்களைச் சேகரித்து வருகிறேன். பியானோ இசைக்குறிப்பு இல்லாமல் மெட்டையும் வரிகளையும் மட்டும் அச்சிட்டு மலிவாக விற்ற 'பெத்தி ஃபோர்மா' எனும் சிறிய தாள்களே எனக்கு மிகவும் பிடித்தவை. ஏழை எளியவர்களின் கைக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது அவற்றால்தான்.

அவற்றில் ஒன்று நடு மடிப்பில் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்திருந்தது. அக்காலத்து மரக்கூழ்த் தாளில் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலத்தன்மையைக் கூட்டி நார்களை உடைத்துவிடுகிறது என்பதால், ஒட்டு நாடாவை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

முதலில், அட்டைப்படத்தின் வண்ணம் நீரில் கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் ஈரப் பஞ்சுமுனையை வைத்துச் சோதித்தேன். கரையவில்லை. பிறகு மெல்லிய ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல், நீர்க்கோடு இட்டுக் கையால் கிழித்தெடுத்தேன். அப்படிக் கிழித்தால்தான் ஓரத்து நார்கள் நீண்டு, ஒட்டிய இடம் துருத்தாமல் படியும். கோதுமை மாவுச்சத்துப் பசையைக் கெட்டியாகவும் மிகக் குறைவாகவும் தடவி, மடிப்பின் உட்புறத்தில் ஒட்டி, மையொற்றுத் தாள்களுக்கு இடையே கண்ணாடிப் பலகையின் பாரத்தில் இரவு முழுவதும் உலரவிட்டேன்.

இப்போது அது பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையின் துணையோடு, வெயில் படாத இழுப்பறையில் கிடைமட்டமாக இருக்கிறது. லேமினேஷன் செய்வதை மட்டும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு அதைப் பிரித்தெடுக்கவே முடியாது.