எக்செலில் கணக்குப் போடுவது: "/=" எனக்குச் செய்த வேலை

போன முறை எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்கு நான்தான் பொருளாளர். செலவுக் கணக்கை எக்செலில் போட்டு அச்செடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வாசித்தேன். மொத்தம் 9,500 ரூபா. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, பந்தலுக்கே 12,000 குடுத்தனாங்கள் எல்லோ?"

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் அடிப்படை.

முதல் வரிசையில் பொருள், அளவு, விலை, தொகை என்று தலைப்புப் போடுங்கள். கீழே:

சம்பா அரிசி, 20, 260
பருப்பு, 5, 300
கத்தரிக்காய், 8, 350

அரிசியின் தொகைக் கட்டத்தில் = போடுங்கள். இது இல்லாவிட்டால் எக்செல் கணக்குப் பார்க்காது. அப்புறம் 20 இருக்கும் கட்டத்தைக் க்ளிக் பண்ணி, * போட்டு, 260 இருக்கும் கட்டத்தைக் க்ளிக் பண்ணி என்டரைத் தட்டுங்கள். 5,200 வரும். பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /. கட்டத்தின் பெயரைப் பார்த்து ரைப் பண்ணச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். க்ளிக் பண்ணுவதுதான் பிழை விடாது என்பது என் கட்சி.

மற்ற வரிகளுக்குத் திரும்ப எழுத வேண்டாம். 5,200 கட்டத்தின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுங்கள். 1,500, 2,800 தானாக வரும். மொத்தத்துக்கு, தொகைகளுக்குக் கீழே உள்ள வெறும் கட்டத்தில் நின்று ஆல்ட்டை அழுத்தியபடி = தட்டி, என்டர். 9,500.

அடைப்புக்குறி மட்டும் கவனம். எக்செல் பெருக்கல், வகுத்தலை முதலில் செய்யும். அரிசியும் பருப்பும் 40 பேருக்குத் தலைக்கு எவ்வளவு என்று பார்க்க =5200+1500/40 என்று போட்டால் 5,237.5 வரும். =(5200+1500)/40 என்றால்தான் 167.5.

சரி, ஐயாவிடம் வருவோம். பந்தலையும் ஒலிபெருக்கியையும் கிலோக் கணக்கில் எழுத முடியாதே. அதனால் தொகைக் கட்டத்தில் நேரே, பற்றுச்சீட்டில் இருந்தபடியே 12,000/= என்றும் 6,500/= என்றும் எழுதியிருந்தேன். நமக்கு அது காசு. எக்செலுக்கோ அந்த /= சேர்ந்தவுடன் அது வெறும் எழுத்து. மொத்தம் கூட்டும்போது எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அப்படித்தான் 18,500 ரூபா காணாமல் போனது. விலைக் கட்டத்தில் எழுதியிருந்தால் பெருக்கும்போது #வேல்யூ! என்று கத்தியிருக்கும், நானும் பிடித்திருப்பேன்.

கண்டுபிடிக்க வழி உண்டு. எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். நான் அழகு பார்த்து எல்லாவற்றையும் நடுவில் தள்ளி வைத்திருந்ததால் அதுவும் தெரியவில்லை. இப்போது எண்களை நடுவில் வைப்பதே இல்லை.

திருத்த, அந்த நிரலைத் தெரிவுசெய்து கன்ட்ரோலுடன் எச் தட்டுங்கள். தேடும் பெட்டியில் /= போட்டு, மாற்றும் பெட்டியை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். மொத்தம் 28,000 ஆகிவிடும். அச்சில் /= வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் (நானும்தான்) கன்ட்ரோலுடன் 1 தட்டி, கஸ்டம் என்ற பகுதியில் #,##0"/=" என்று எழுதுங்கள். கண்ணுக்கு /= தெரியும், உள்ளே எண்ணாகவே இருக்கும்.

காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டுமா என்றால், இந்த அளவு கணக்குக்கு லிப்ரே ஒபிஸ் கால்க் போதும், இலவசம். ஃபோனில் மட்டும் முயலாதீர்கள். அந்தச் சிறு சதுரத்தை விரலால் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவருக்கு அரைக் கிலோ செத்தல் மிளகாய் நாலு கோடிக்கு மேல் வந்ததாம். அளவில் 1/2 என்று எழுதியிருக்கிறார். எக்செல் அதைத் திகதியாக எடுத்துக்கொள்ளும், திகதிக்குள் 45,000க்கு மேற்பட்ட நாள் எண் ஒன்று ஒளிந்திருக்கும். அதை 1,000 ரூபாவால் பெருக்கினால் கோடிதான். 0.5 என்று எழுதுங்கள். முன்பே திகதியாகிவிட்ட கட்டம் 0.5ஐயும் திகதியாகவே காட்டும். கன்ட்ரோலுடன் 1 தட்டி ஜெனரல் என்று மாற்றிவிடுங்கள்.