மோட்டார்ஹோம் இழுக்கும் காருக்குத் துணை பிரேக்: பொருத்தும்போது எங்கே தப்பு நடக்கிறது?

அமெரிக்காவில் மோட்டார்ஹோமுக்கு (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள காரை இழுத்துப் போகிறவர்கள் ஏராளம். இழுபடும் வண்டி 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கும் பிரேக் வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. இழுபடும் காரின் பிரேக் பெடலைத் தானாக அழுத்தும் துணை பிரேக் கருவி நல்லதாக இருந்தும் பொருத்திய விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு வருகிறது.

முதல் சந்தேகம் வேக்குவம் குழாய்மேல் விழட்டும். பெடல் அழுத்தத்துக்கு வலு சேர்க்கும் பூஸ்டர், இன்ஜின் உண்டாக்கும் வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்) வேலை செய்கிறது; இன்ஜின் ஓடாத காரில் அது கிடைக்காது. அதனால் நிரந்தரமாகப் பொருத்தும் சில கிட்டுகளில் சிறு பம்ப் ஒன்று வரும். பூஸ்டர் குழாயை வெட்டி, டீ (T வடிவ) இணைப்பு போட்டு அதைச் சேர்க்க வேண்டும். டீக்கும் இன்ஜினுக்கும் நடுவே செக் வால்வு (ஒருவழி வால்வு) இல்லாவிட்டால், பம்ப் உண்டாக்கும் வேக்குவம் இன்ஜின் பக்கம் கசிந்துபோகும். வால்வைத் திருப்பிப் போட்டால் இன்னும் ஆபத்து: காரைத் தனியாக ஓட்டும்போது பெடல் கல்லாக இறுகும். சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வால்வைப் பாருங்கள்.

சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே வைத்து, பெடலை அழுத்தவைக்கும் பெட்டி வகையில் வேறு சிக்கல். பூஸ்டரில் மிச்ச வேக்குவம் இருக்கும்போதே அழுத்தத்தைச் செட் செய்தால் அளவு தப்பும். நான்கைந்து முறை மிதித்துக் காலி செய்த பிறகே செட் செய்ய வேண்டும். சாவி போட்டாலே பிரேக் உதவி விழித்துக்கொள்ளும் ஹைபிரிட்களில் அழுத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவைப் பாருங்கள். பெட்டிக்குக் கீழே கார் மேட் வேண்டாம், நழுவும்.

கார் கழன்றுபோனால் சுவிட்சிலிருந்து ஒரு பின்னை (ஊசியை) உருவி காரின் பிரேக்கைப் போடவைப்பது பிரேக்அவே கேபிள். அதை டோ பாரில் (காரை மோட்டார்ஹோமோடு பிணைக்கும் கம்பி) மாட்டுவது மன்னிக்க முடியாத தவறு. டோ பார் மோட்டார்ஹோமிலிருந்து கழன்றால் கேபிளும் அதோடு போய்விடும், அந்த ஊசி உருவப்படாது. மோட்டார்ஹோமின் சட்டத்திலேயே மாட்டுங்கள். கூர்மையான வளைவில் இழுபடாத அளவுக்குத் தளர்வு போதும். தரையில் உரசக் கூடாது. பின்னை உருவிப் பெடல் இறங்குகிறதா என்று பார்த்ததும் உடனே திரும்பச் செருகுங்கள்.

விளக்கு வயரிங்கையும் அசட்டையாக விடாதீர்கள். கருவி பெடலை அழுத்தினால் காரின் பிரேக் சுவிட்சும் பிரேக் விளக்கை எரியவைக்கும். பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் இருக்கும் கார்களில் இண்டிகேட்டர் சிமிட்டுவது தெரியாமல் போகும். இழுக்கும்போது அந்த சுவிட்சைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரி இறங்காமலிருக்க மோட்டார்ஹோமிலிருந்து ஃபியூஸ் வைத்த சார்ஜ் லைனும் தேவை.

முதல் பத்து மைல் ஓடியதும் நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு சக்கரங்களையும் பாருங்கள். பிரேக் போடாமல் ஓட்டியும் டிஸ்க் கொதித்தால் பெடல் முழுதாகத் திரும்பவில்லை. பெடலைப் பிடிக்கும் கருவியின் கிளாம்பைச் சரிசெய்து, உணர்திறன் அளவைக் குறைக்காமல் மேலே போகாதீர்கள்.