ரிலீஸ் பதிவுகளை ஏபிஐ வழியாகக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும்போது அதன் எண், என்னென்ன மாறியது என்ற குறிப்பு, இறக்கிக்கொள்ள வேண்டிய கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு ரிலீஸ் பதிவாகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும் இதைக் கையால் நிரப்பத் தேவையில்லை. ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று, நிரல்கள் தளத்தோடு பேசும் வழியான ரெஸ்ட் ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பினால் வேலை முடிந்தது. மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது பழகிய காரியம்தான்.

ஏபிஐயைப் பொறுத்தவரை அந்தப் பதிவு டேட்டாபேஸில் ஒரு வரி. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். ஆனால் பாரிஸில் அதை இறக்கி நிறுவியவருக்கு அது நாம் கொடுத்த வாக்கு. நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருபவை.

முதலில் டேக், அதாவது நிரலின் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு நாம் இடும் பெயர். பதிவை உருவாக்கும் போஸ்ட் கோரிக்கையில் டேக் பெயர் கட்டாயம். அந்தப் பெயரில் டேக் இல்லை என்றால் கிட்ஹப் பிழை காட்டாது. பதிவு வெளியாகும் நேரத்தில் தானே ஒன்றை உருவாக்கிவிடும். எந்தக் கமிட்டில், அதாவது நிரலின் எந்தச் சேமித்த நிலையில்? 'டார்கெட் கமிட்டிஷ்' என்ற புலத்தில் நீங்கள் சொன்ன இடத்தில். அதைச் சொல்லாமல் விட்டால், முதன்மைக் கிளையின் நுனியில். காலையில் ஒரு கமிட்டைச் சோதித்து முடித்திருப்பீர்கள். மதியத்துக்குள் இன்னொருவர் முதன்மைக் கிளையான மெயினில் இரண்டு மாற்றங்களைச் சேர்த்திருப்பார். 2.4.0 என்ற பெயரில் வெளியே போவது யாருமே சோதிக்காத நிரல். டேக் பெயரின் முன்னால் வரும் 'வி' எழுத்தை விட்டாலும் இதே விளைவுதான். கிட்லேப் இந்த விஷயத்தில் கண்டிப்பானது: டேக்கும் இல்லை, அதைப் போட வேண்டிய இடத்தைச் சொல்லும் 'ரெஃப்' மதிப்பும் இல்லை என்றால் கோரிக்கையை ஏற்காது. எதில் வேலை செய்தாலும், டேக்கை கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) கட்டளையால் முதலில் போட்டுவிடுங்கள். ஸ்கிரிப்ட் அந்த டேக் இருக்கிறதா, சோதித்த கமிட்டைத்தான் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பதிவைத் தொடட்டும்.

அடுத்தது மறுமுயற்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மொரீஷியஸ் இணையம் கடலடிக் கேபிள்களை நம்பியது: 2002-ல் வந்த சேஃப், பிறகு லயன், 2021-ல் மெட்டிஸ். நவம்பரில் புயல் பருவம் தொடங்கினால் மின்சாரமும் சேர்ந்து போகலாம். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதிவும் உருவாகி, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்டுக்கு அது தோல்வியாகத்தான் தெரியும், மறுபடி அனுப்பும். ஸ்கிரிப்ட் கிளவுடில் ஓடினால் கேபிள் கவலை குறையும், ஆனால் அங்கேயும் 502 என்ற சர்வர் பிழை வரத்தான் செய்யும். புட் (மாற்றி வைப்பது), டிலீட் (அழிப்பது) கோரிக்கைகள் இரண்டையும் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே விளைவு என்பது இணையக் கோரிக்கைகளின் நெறிமுறையான எச்டிடிபியின் விதி. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது.

ஏற்கெனவே வெளியான பதிவின் டேக்குக்கு இன்னொரு பதிவு கேட்டால் கிட்ஹப் 422 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். கிட்லேப் 409 தரும். அது நல்லதே. சிக்கல் வரைவுகளில், அதாவது இன்னும் வெளியிடாத பதிவுகளில்தான். கிட்ஹப்பில் ஒரே டேக் பெயரில் எத்தனை வரைவுகளும் சத்தமில்லாமல் குவியும். 'டேக் பெயரால் தேடு, கிடைக்காவிட்டால் உருவாக்கு' என்று எழுதி வைத்தால் தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. டேக் பெயரால் தேடும் முகவரி வெளியான பதிவுகளை மட்டும் காட்டும்; வரைவுக்கு 'கிடைக்கவில்லை' என்னும் 404 தான் வரும். எழுதும் உரிமையுள்ள டோக்கனோடு (ஏபிஐக்கான அனுமதிச் சாவி) முழுப் பட்டியலையும் எடுத்து, அதற்குள் வரைவைத் தேட வேண்டும். பட்டியலும் ஒரே தடவையில் முழுதாக வராது: ஒரு பக்கத்துக்கு 30, கேட்டால் 100 வரை. அடுத்த பக்கம் இருக்கிறதா என்பதைப் பதிலோடு வரும் லிங்க் ஹெடர் சொல்லும். ஒருமுறை உருவாக்கிய வரைவின் ஐடியைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தத் தேடலே பெரும்பாலும் வேண்டியிருக்காது.

வரைவில் இவ்வளவு தொல்லை என்றால் நேரடியாக வெளியிட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. பதிவு வெளியான அந்த நொடியே வெப்ஹூக் என்ற தானியங்கி அறிவிப்பு கிளம்பிவிடும். வாடிக்கையாளரின் அப்டேட் ஸ்கிரிப்ட் கோப்பைத் தேடி வந்துவிடும். உங்கள் கோப்பு அப்போதுதான் பாதி ஏறியிருக்கும். வரைவை உருவாக்கி, எல்லாக் கோப்புகளையும் ஏற்றி, சரிபார்த்து, கடைசியாகப் பதிவைத் திருத்தும் ஒரு பேட்ச் கோரிக்கையால் வரைவு நிலையை நீக்குவதுதான் சரியான வரிசை. ஏற்றுவது நடுவில் முறிந்தால் 'ஸ்டார்ட்டர்' என்ற நிலையில் ஒரு காலிக் கோப்பு மிஞ்சக்கூடும். அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், ஏனென்றால் அதே பெயரில் இரண்டாவது கோப்பை ஏபிஐ ஏற்காது. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தோ பிரெஞ்சு உச்சரிப்புக் குறியோ வேண்டாம். கிட்ஹப் அவற்றை மாற்றிவிடும், பழைய பெயரை நம்பிக் கொடுத்த இணைப்பு வேலை செய்யாது. காட்டும் பெயரை 'லேபிள்' புலத்தில் அழகாக எழுதிக்கொள்ளலாம்.

வெளியான பிறகு சின்னப் பிழை கண்ணில் பட்டதும், பழைய கோப்பை நீக்கி அதே பெயரில் திருத்தியதை ஏற்றுகிறார்களே, இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரே எண்ணில் இரண்டு மென்பொருள்கள் உலவ ஆரம்பிக்கும். ஒருவர் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் மதிப்பு) பொருந்தவில்லை என்று பயந்து போன் செய்வார். இன்னொருவரிடம் பழைய பிழை அப்படியே இருக்கும், ஆனால் அவருடைய திரையிலும் 2.4.0 என்றுதான் தெரியும். பதிப்புக்கு எண் இடும் முறையான செமான்டிக் வெர்ஷனிங்கின் விதி தெளிவாக இருக்கிறது: வெளியிட்ட பதிப்பின் உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது, மாற்றம் எதுவானாலும் புது எண். 2.4.1 என்று போடுவதில் எந்த அவமானமும் இல்லை.

'லேட்டஸ்ட்' என்ற முத்திரையிலும் கவனம் வேண்டும். 2.0.0 வெளியான பிறகு, பழைய 1.9 வரிசையில் இருப்பவர்களுக்காக 1.9.4 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிடுகிறீர்கள். கிட்ஹப்பில் 'மேக் லேட்டஸ்ட்' புலத்தைச் சொல்லாமல் விட்டால் புதிதாக வெளியானதே லேட்டஸ்ட் ஆகிவிடும். 'லேட்டஸ்ட்' பதிப்பைக் காட்டும் முகவரியை நம்பும் எல்லாரும் 1.9.4-க்கு இறங்குவார்கள். அங்கே 'ஃபால்ஸ்' என்று எழுதுங்கள். எண்களை நீங்களே வரிசைப்படுத்தினால் எழுத்துச் சரமாக ஒப்பிடாதீர்கள், 1.10.0 போய் 1.9.0-க்குக் கீழே நிற்கும்.

நேரம். ஏபிஐ நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் தருகிறது. நாம் நான்கு மணி நேரம் முன்னால். மார்ச் 1 அதிகாலை 2 மணிக்கு போர்ட் லூயிஸில் வெளியிட்டது பதிவில் பிப்ரவரிக் கடைசி நாள் இரவு 10 மணி. மாத அறிக்கை தவறுவது இப்படித்தான். பாரிஸோடு உள்ள இடைவெளியும் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் இரண்டு. நம் நாட்டிலேயே 2008 அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, 2009 மார்ச்சில் திருப்பி வைத்தார்கள். அந்த மாதங்களின் பதிவுகளில் உள்ளூர் நேரம் மட்டும் இருந்தால் குழப்பம்தான். யூடிசியில் சேமியுங்கள், காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். கிட்லேப்பில் 'ரிலீஸ்ட் அட்' புலத்தில் எதிர்காலத் தேதி கொடுத்தால் அது 'வரவிருக்கும் ரிலீஸ்' என்று காட்டுமே தவிர, அதுவரை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைக்காது. தைப்பூசக் காவடி விடுமுறையில் யாரும் அலுவலகத்தில் இல்லாத நாளுக்குத் தேதி போடும்முன் இதை நினைவில் வையுங்கள்.

டோக்கனை நிரலுக்குள் எழுதாதீர்கள், தேவையான ரெப்போசிட்டரிக்கு (நிரல் களஞ்சியம்) மட்டும் உரிமை கொடுங்கள். தனியார் ரெப்போசிட்டரியில் உரிமை போதாவிட்டால் கிட்ஹப் 'அனுமதி இல்லை' என்னும் 403-க்குப் பதில் 404 தரலாம். முகவரி தவறோ என்று மணிக்கணக்கில் தேடாமல் டோக்கனைப் பாருங்கள்.

கடைசியாக அழிப்பது. பதிவை அழித்தாலும் டேக் அப்படியே இருக்கும், கிட்ஹப்பிலும் கிட்லேப்பிலும். 2016-ல் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்பிஎம்மில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கியபோது, அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்களின் பில்ட் உடைந்தது. அதற்குப் பிறகு என்பிஎம் நீக்கும் விதிகளை இறுக்கியது. பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைபிஐயில் பதிப்பை 'யாங்க்' (திரும்பப் பெறுதல்) செய்தால் கோப்பு இருக்கும், அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்காமல் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு மட்டும் அது தேர்வாகாது. கிட்ஹப்பில் அந்த வசதி இல்லாததால் பதிவை விட்டுவைத்து, குறிப்பின் முதல் வரியில் 'இதைப் பயன்படுத்த வேண்டாம், 2.4.2-க்கு மாறுங்கள்' என்று சேர்ப்பதே நல்லது. பிரெஞ்சிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆனால் பேட்ச் கோரிக்கை குறிப்பு முழுவதையும் மாற்றி எழுதிவிடும். பழைய குறிப்பை முதலில் எடுத்து, அதன் தலையில் உங்கள் வரியை ஒட்டி, அப்புறம் அனுப்புங்கள்.