நியூட்ரான் டார்கெட் செய்கிறவர்கள் மறுபடி மறுபடி இடறும் இடங்கள்

டர்பனிலிருந்து கேப் டவுன் பக்கம் வந்து சேர்ந்த ஒரு மாணவர் போன வாரம் தன் நியூட்ரான் டார்கெட்டின், அதாவது புரோட்டான்களை மோதவிட்டு நியூட்ரான் எடுக்கும் இலக்கின், வரைபடத்தை விரித்தார். 7 எம்.இ.வி. (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) புரோட்டான் கற்றை, பெரிலியத் தகடு, பின்னால் செம்பு, அதற்கும் பின்னால் குளிர்விக்கத் தண்ணீர். "தகடு ஒரு மில்லிமீட்டர் அண்ணா, ஒரு புரோட்டான்கூடத் தாண்டாது" என்றார் பெருமையாக. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். ஊசிமுனைக் கசிவு, கசிவை அடைக்கும் ஓ-ரிங் வளையம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

புரோட்டானைப் பெரிலியத்துக்குள்ளேயே நிறுத்துவது

7 எம்.இ.வி. புரோட்டான் பெரிலியத்தில் அரை மில்லிமீட்டர்கூடப் போகாது. போகப் போக வேகம் குறையும். சுமார் 2 எம்.இ.வி.க்குக் கீழே இறங்கிவிட்டால் அது நியூட்ரான் தராது. அதாவது, பயணத்தின் கடைசிப் பகுதியால் லாபமே இல்லை. நஷ்டம்தான் உண்டு. நின்ற புரோட்டான் ஹைட்ரஜன் ஆகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நிற்கின்றன. பெரிலியத்துக்குள் ஹைட்ரஜன் கரையவும் செய்யாது, எளிதில் வெளியேறவும் செய்யாது. வாயு சேர்ந்து குமிழாகும். குமிழ் வந்த இடத்தில் வெப்பம் பின்னால் கடக்காது. அதனால் முன்பக்கம் இன்னும் சுடும்.

எங்கள் டார்கெட்டில் வெற்றிட அளவு மெல்லக் கெட்டுக்கொண்டே வந்தது. ஒரு வாரம் பம்பைத்தான் திட்டினோம். கடைசியில் கதிரியக்கம் ஆறக் காத்திருந்து திறந்தால், தகடு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி புடைத்திருந்தது. செதில்கள் குழாய்க்குள் விழுந்திருந்தன. பெரிலியத் தூள் நுரையீரலுக்கு ஆகாதது. சுத்தம் செய்யவே மாதக்கணக்கானது. இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தீர்வு எளிது: தகட்டை மெலிதாக்குங்கள், புரோட்டான் வேறு இடத்தில் நிற்கட்டும். ஜப்பானின் ரிகென் ஆய்வகத்தில் 7 எம்.இ.வி.க்கு 0.3 மில்லிமீட்டர் பெரிலியம் வைத்து, பின்னால் ஹைட்ரஜன் எளிதாகப் பரவிப்போகும் வனேடியத்தைக் கொடுத்தார்கள். நம் ஊரிலேயே, கேப் டவுன் பக்கம் ஃபோர் என்ற இடத்தில் இருக்கும் ஐதெம்பா லேப்ஸ் ஆய்வகத்தில், நியூட்ரான் சிகிச்சைக்கு 66 எம்.இ.வி. புரோட்டானின் ஆற்றலில் 40 எம்.இ.வி. மட்டும் பெரிலியத்தில் இழக்கவிட்டார்கள். அங்கே காரணம் வேறு: குறைந்த ஆற்றல் நியூட்ரான்கள் வேண்டாம் என்பது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வடக்கே புஷ்வெல்ட் பகுதியில் வனேடியம் தோண்டுகிற நாட்டில் உட்கார்ந்து செம்பை வைத்தேன்!

சராசரியை நம்புவது

கற்றையின் எம்.இ.வி.யை அதன் மில்லியாம்பியரால் பெருக்கினால், அது கொட்டும் வெப்பம் கிலோவாட்டில் கிடைக்கும். 7 எம்.இ.வி., 1 மில்லியாம்பியர் என்றால் 7 கிலோவாட். சரி, அதைத் தகட்டின் பரப்பால் வகுத்துவிட்டுத் தூங்கப்போகாதீர்கள். கற்றையின் நடுப்பகுதி சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சுடலாம்.

லித்தியம் மலிவு என்பது

பெரிலியத்துக்குப் பதில் லித்தியத்தை வைத்தால், அது 180 டிகிரி செல்சியஸிலேயே உருகும்.

பீம் (கற்றை) நின்றால் சூடும் நின்றது என்று நினைப்பது

பெரிலியத்தில் பழகியவர்கள் ஸ்பல்லேஷனுக்கு, அதாவது மிக அதிக ஆற்றல் புரோட்டானால் டங்ஸ்டன் போன்ற கன உலோகத்தை மோதி நியூட்ரான்களைச் சிதறவைக்கும் முறைக்கு, போனால் செய்வது இது. டங்ஸ்டனைத் தண்ணீர் அரிக்காமலிருக்க டான்டலம் போர்த்துவார்கள். அந்த டான்டலம் கதிரியக்கமாகி, பீம் இல்லாமலே சுட்டுக்கொண்டிருக்கும். டான்டலம்-182இன் அரை ஆயுள் சுமார் 115 நாள். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் புரோட்டானை வேகப்படுத்தும் முடுக்கி நிற்கும், தண்ணீர் பம்பும் நிற்கும், இது மட்டும் நிற்காது. பம்புக்குத் தனி பேட்டரி கேளுங்கள். கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.